மறுபாதி யார் வசம்

தாமிரபரணி வளைந்து வளைந்து போகிற வழியில் மருதூர்க்கரை என்று ஓர் ஊர், அந்த ஊரில் பாய்க்காரத் தெரு என்று ஒரு தெரு, அந்தத் தெருமுனையில் ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ், அரசாங்க மனு பூர்த்தி செய்து தருதல் என்று மூன்று தொழில்களை ஒரு பெட்டிக்கடைக்குள் அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். மூன்றாவது தொழிலால்தான் மீராளின் கதை எனக்கு முழுதாகத் தெரியும். இரண்டாவது தொழிலுக்கு அவள் கதையால்தான் கேடு வந்தது. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்ப் பட்டுப்பாயை ஒரே பரப்பாக நெய்வதில்லை. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஏழு நாள் ஊறப்போட்டு, கீறி, நூலோடு நூலாக மெலியவைத்து, இரண்டு பாதியாகத் தனித்தனியே நெய்து, கடைசியில் நடுவில் தையல் போட்டு மூட்டுவார்கள். மூட்டுவாய் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று வெளியூர் வியாபாரிகளிடம் சவால் விடுவார்கள். கல்யாணப் பாயாக இருந்தால் ஒரு பாதியில் மாப்பிள்ளை பெயரும் மறுபாதியில் பெண்ணின் பெயரும் சிவப்புக் கோரையில் எழுந்து நிற்கும். மீராள் தன்னுடைய கல்யாணப் பாயைத் தானே நெய்தவள். தெருவிலேயே மெல்லிய கை அவளுக்கு. கோரைக்குச் சாயம் ஏற்றித் தந்தவர் மாப்பிள்ளை மைதீன் பிச்சை. அவர் காய்ச்சும் சிவப்பு வேறு யாருக்கும் வராது; ஆனால் அவர் வேலை பார்த்த சாயப்பட்டறையை முதலாளி இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டதால், கல்யாணமான பதினாலாம் மாதம் அவருக்குச் சவூதியில் தம்மாமுக்கு விசா வந்தது.

முழுப்பாய் பெட்டிக்குள் அடங்கவில்லை. மீராள் ஊசியை எடுத்து, மூட்டுவாயைப் பிரித்து, தன் பெயர் இருந்த பாதியைச் சுருட்டி அவர் பெட்டிக்குள் வைத்தாள்.

"எம் பேரு ஒங்ககிட்ட இருக்கட்டும் மச்சான். ஒங்க பேரு எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

"ஒரு சாயப்பட்டறையும் நாலு தறியும் நம்ம ஊர்ல இருந்துச்சுன்னா நா எதுக்குப் புள்ள போறேன்? அப்படி ஒண்ணு வரட்டும், அடுத்த பிளேன்ல வந்து எறங்குவேன்" என்றார் அவர். வாசலில் கார்க்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். என் கடையில் இருந்தே எனக்கு அது கேட்டது.

அவர் போய்ப் பத்தொன்பதாவது நாள், மதியம் இரண்டரை மணிக்கு, லுஹர் தொழுகை முடித்துவிட்டு மீராள் தன் பாதிப்பாயை விரித்துக் கையை ஊன்றினாள். பாய் சூடாக இருந்தது. வெயில்பட்ட சூடு இல்லை, அடுப்புச் சூடும் இல்லை. கழுத்து அளவில் தொடங்கி, தோளில் அகன்று, இடுப்பில் ஒடுங்கி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஓர் ஆளின் உருவத்துக்குச் சரியாக, மேலிருந்து கீழ்வரை இதமாகச் சுட்டது. இடது காலை மடக்குவதுதான் மைதீன் பிச்சையின் பழக்கம். மீராள் அந்த மடக்கிய முழங்கால் வரை கையால் தடவிப் பார்த்துவிட்டு, பாயின் மேல் ஏற வந்த கோழியை விரட்டிவிட்டு, பக்கத்து வீட்டு ஜீனத்தைக் கூப்பிட்டாள்.

"வந்துட்டாவ. படுத்திருக்காவ."

ஜீனத்தும் தொட்டுப் பார்த்தாள். அவள் புருஷன் குவைத்தில் இருந்தான். "ஆமா லாத்தா, படுத்திருக்காவ. சாப்ட்டுட்டுப் படுத்திருக்காவளா, சும்மாப் படுத்திருக்காவளா, அது தெரியுதா?"

"அது தெரியல."

"அது தெரிஞ்சா இன்னும் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜீனத் உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மைதீன் பிச்சை போனில் பேசியபோது விஷயம் இரண்டு பக்கமும் ஒத்துவந்தது. அவருக்கு இரவு வேலை; அங்கே பகல் பன்னிரண்டு மணிக்குப் படுப்பார், இங்கே அப்போது இரண்டரை. மீராள் இங்கே ஓர் அரைமணி நேரம் கண்ணயர்ந்தால் அங்கே அவருக்கும் பக்கவாட்டில் பாய் சூடாகிறதாம்.

"நா படுத்தா அங்க எப்படி இருக்கும்?" என்று அவள் வெட்கத்தோடு கேட்டாள்.

"சொல்லத் தெரியல புள்ள. நேர்ல வந்து சொல்லுதேன்."

இந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. இன்னொரு நாளும் கேட்டாள், அதற்கு அடுத்த வாரமும் கேட்டாள். அவர் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு, வந்து சொல்லுதேன் என்றே சொன்னார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆண் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன். அதனால் பாய் எப்படிச் சூடானது, ஏன் சூடானது என்று ஆராய ஒருத்தருக்கும் நேரம் இல்லை. எனக்கு ஒன்று நெய்து கொடு, எனக்கு ஒன்று நெய்து கொடு என்று மீராள் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. ஒரே கட்டுக் கோரையில், ஒரே பாவில், முதல் பாதியை நெய்து முடித்த கையோடு எழுந்திருக்காமல் மறுபாதியைத் தொடங்கினால்தான் சூடு பிடிக்கிறது என்று அவள் கண்டுகொண்டாள். தம்மாமுக்கும் குவைத்துக்கும் தோகாவுக்கும் போகிறவர்கள் பெட்டியில் ஊறுகாயோடும் அதிரசத்தோடும் பாதிப்பாய்களும் போயின. மதியத் தொழுகை முடிந்தால் தெரு முழுக்கப் பாய் உதறும் சத்தம் கேட்கும். அவரவர் பாதியில் அவரவர் கை. யார் வீட்டில் காய்ச்சல் என்று கடல் தாண்டித் தெரிந்தது, பாய் கொதித்தால் மாத்திரை போடச் சொல்லி இங்கிருந்து சத்தம் போட்டார்கள். பாய் மூன்று நாள் சேர்ந்தாற்போல் குளிர்ந்து கிடந்தால் ஓவர்டைம் என்று அர்த்தம். லீவில் வந்த ஓர் ஆளை அவன் பெண்டாட்டி, வந்ததும் வராததுமாக, ஏன் இப்போதெல்லாம் குப்புறப் படுக்கிறீர்கள் என்று கேட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

சண்டைகளும் வந்தன. மகனுடைய பாதி பெற்றவளுக்கா, கட்டினவளுக்கா என்று மூன்று வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. மூன்றாகப் பிரித்துத் தரமுடியுமா என்று கேட்டு வந்தார்கள். மீராள் ஒன்று நெய்தும் பார்த்தாள், மூன்று துண்டும் பச்சைத் தண்ணீராகக் கிடந்தன. பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் போய், இது கூடுமா கூடாதா என்று சிலர் கேட்டார்கள். அவர் தாடியைத் தடவி யோசித்துவிட்டு, "பாயில படுக்கிறது கூடும். கட்டினவனை நினைக்கிறதும் கூடும். வேற எதைக் கேக்குதிய?" என்று அனுப்பிவிட்டார். அவருடைய மகன் ஷார்ஜாவில் இருந்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இதில் நாசமாய்ப் போனது என் ரீசார்ஜ் தொழில்தான். முதலில் வெள்ளி தோறும் என்று இருந்த போன், மாதம் ஒருமுறை ஆனது. பிறகு அதுவும் இல்லை. ஏன் தங்கச்சி இந்த மாசம் ரீசார்ஜ் பண்ணல என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சூடு வருதுல்லா அண்ணாச்சி, பெறகு என்னத்துக்கு போனு?" போனில் பேசினால் காசு எவ்வளவு அனுப்பினாய், மாமியார் என்ன சொன்னாள் என்று சண்டைதான் வருகிறது, பாயில் சண்டை இல்லை என்றார்கள். அங்கேயும் ஆண்கள் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மீராளும் மைதீன் பிச்சையும் கடைசியாகப் பேசினது என் கடையில் வைத்துத்தான், அவள் போனில் சார்ஜ் இல்லாததால் என் போனில் பேசினாள். "சூடு வருதுல்லா?" என்றார் அவர். "வருது" என்றாள் இவள். "அப்பச் சரி." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. நம்பர் மாற்றியிருப்பார் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம், ஏனென்றால் மதியம் இரண்டரை ஆனால் பாய் தவறாமல் சூடானது.

இப்படி ஏழெட்டு மாதம் ஓடியபின் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிறு பாரம்பரியத் தொழில்களில் புதுமை செய்கிறவர்களுக்குக் கைகொடுக்கும் திட்டம். நோட்டீஸ் என் கடைச் சுவரில்தான் ஒட்டினார்கள். தேர்வானவர்களுக்கு நான்கு தறிகள், ஒரு தொழிற்கூடம், கூடவே ஒரு சாயப்பட்டறை என்று அதில் போட்டிருந்தது. மீராள் அந்த நோட்டீஸின் முன்னால் கால்மணி நேரம் நின்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை அவள், எட்டாவது வரை படித்தவள்; ஆனாலும் நாலு தறி, சாயப்பட்டறை என்ற வரியில் விரலை வைத்து அங்கேயே நின்றாள்.

"அண்ணாச்சி, இது அவிய சொன்ன அதே கணக்குலா? நாலு தறி. சாயப்பட்டறை."

"ஆமா தாயி."

"எழுதுங்க."

விண்ணப்பம் பதினான்கு பக்கம். பதினான்கிலும் உயிரை வாங்கும் கட்டங்கள் மூன்று. தங்கள் தொழிலில் செய்துள்ள புதுமை என்ன? அப்புதுமையால் மரபுத் தரம் குறையாதுள்ளதா? பொருள் பல பாகங்களாக இருப்பின், மறுபாகம் யார் வசம் உள்ளது? முதல் கட்டத்தில் பிரித்து வைத்துக்கொள்ளும் இருபாதிப் பாய் என்று எழுதினேன். இரண்டாவதில் குறையாது என்று எழுதினேன். மூன்றாவதில் எழுதுவதற்கு முன் அவளைப் பார்த்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மைதீன் பிச்சைன்னு எழுதுங்க" என்றாள். புருஷன் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தொழில் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் தவசிக்கனி என்று ஒரு மனிதர். ஐம்பது வயது, சட்டைப்பையில் நான்கு பேனா, எதையும் இரண்டு தடவை படிக்கிறவர். அவர் மனைவி ஊட்டியில் ஆசிரியை, பதினோரு வருஷமாக மாறுதல் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். மதியம் மூன்று மணிக்கு மீராள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பாதிப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை அவர் எடுக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு நிமிஷம்.

"அம்மா, இதுல ஒரு சங்கடம் இருக்கு" என்றார் பிறகு. "மருதூர்க்கரைப் பாய்க்கு அரசாங்கம் எழுதி வச்சிருக்க மரபுத் தரம் என்ன தெரியுமா? குளிர்ச்சி. எந்தக் கோடையிலயும் குளுந்து கிடக்கணும், அதான் இந்த ஊர்ப் பாய். இது சூடாவுது."

"ஆள் படுத்திருக்காவ சார், சூடாத்தான இருக்கும்."

"எனக்குப் புரியுதும்மா. கட்டத்துக்குப் புரியாதே. மரபுத் தரம் குறையலன்னு நான் எப்படிப் போட?"

அவர் கெட்டவர் இல்லை. ஒரேயடியாகத் தள்ளுபடி செய்துவிட்டுப் போயிருக்கலாம். அதைச் செய்யாமல், தேர்வுக் குழு நேரில் வந்து பார்க்கட்டும், ஆனால் குழு பார்க்கிற அன்று பொருள் முழுசாக இருக்கவேண்டும், இரண்டு பாதியும் ஒரே இடத்தில் இருந்தால் சூடு பிரச்சினையும் இருக்காது என்று வழி சொன்னார். மறுபாதியை வரவழையுங்கள் என்றார். போகும்போது, இதே மாதிரி ஒன்று கொண்டுபோனால் ஊட்டிவரை சூடு எடுக்குமா, அங்கே குளிர் அதிகம் என்று மெதுவாகக் கேட்டார்.

மீராள் அன்றே என்னிடம் கடிதம் எழுதச் சொன்னாள். நம்பர் இல்லை, ஆனால் அறை விலாசம் பழைய பார்சல் சீட்டில் இருந்தது. தறியும் பட்டறையும் வரப்போகிறது, அதற்கு முன் குழு வந்து பாயைப் பரீட்சை செய்யும், பாதிப்பாயை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், அதன் பின்னாலேயே நீங்களும் வந்துவிடலாம் என்று நான் எழுதினேன். கடைசி வரியை அவளே எழுதினாள். எழுதியதைக் காட்டாமல் ஒட்டிவிட்டாள்.

நாற்பது நாள் ஆயிற்று. குழு வரும் தேதி குறித்தாகிவிட்டது. ஒருநாள் மதியம் இரண்டரைக்குப் பாய் சூடாகவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லாதபோது, கொடுத்தனுப்பிவிட்டாவ, அதான் படுக்கப் பாயில்லை என்று மீராள் சிரித்தாள், வீட்டுக்கு வெள்ளையடித்தாள், அவருக்குப் பிடித்த சிவப்புக்கு என்று சாயப் பட்டைகளைக்கூட வாங்கி ஊறப்போட்டாள். குழு வருவதற்கு முந்தின நாள், லீவில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சாக்குத்துணியில் சுற்றிய பாயைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு கடிதமும் இருந்தது. உறைமேல் இருந்தது மைதீன் பிச்சையின் கையெழுத்து இல்லை. மீராள் அதைப் பிரிக்காமல் என் கடைக்கு எடுத்துவந்தாள்.

கடிதத்தை நான்தான் படித்தேன். அதைப் படித்த வாய் இது.

அதை எழுதியவர் தம்மாமில் சமையல் வேலை பார்க்கும் ஒரு தஞ்சாவூர்க்காரர், எழுதச் சொன்னவர் ரத்னாகர் என்கிற ஒடிசாக்காரர். மதிப்புக்குரிய அம்மா, உங்கள் கடிதம் வந்தபோது அந்தப் பெயருக்குரியவர் இந்த அறையில் இல்லை. அவர் இங்கிருந்து வேறு வேலைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. எங்கே போனார் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை, விசாரித்துப் பார்த்தோம். போகும்போது இந்தப் பாயைக் கட்டிலடியில் விட்டுப் போயிருந்தார். அந்தக் கட்டில் எனக்குக் கிடைத்தது. எனக்கும் இரவு வேலை, பகல் பன்னிரண்டு மணிக்குப் படுப்பேன். பதினோரு மாதமாக இதில்தான் படுக்கிறேன். எனக்கும் இடது காலை மடக்கித்தான் தூக்கம் வரும், அந்தக் கட்டில் அவ்வளவு குறுகல், எல்லோரும் அப்படித்தான் படுக்க வேண்டும். படுத்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சூடாகும். உங்கள் ஊர்ப் பாயின் குணம் அது என்று நினைத்தேன். அடுத்தவர் பொருளை இத்தனை நாள் உபயோகித்ததற்கு மன்னிக்க வேண்டும். பரீட்சை முடிந்து உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் திருப்பி அனுப்பினால் உதவியாக இருக்கும். அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

படித்து முடித்துவிட்டு நான் கடிதத்தை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன். மீராள் ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினோரு மாசமா அண்ணாச்சி?"

"அப்படித்தான் போட்டிருக்கு தாயி."

"நா ஒரு நாக்கூடத் தேடலியே" என்றாள். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் பாய் ஆறிக் கெடந்திருந்தா நா தேடியிருப்பேனே. போலீஸ், எம்பசின்னு ஒங்களக் கூட்டிட்டு அலைஞ்சிருப்பேனே. சூடு வருது சூடு வருதுன்னு இருந்துட்டேனே."

தொழில் போச்சே என்று ரீசார்ஜுக்காகப் புலம்பினேனே தவிர, பேசாமல் இருக்கிறீர்களே, அங்கே படுத்திருப்பது யார் என்று கேளுங்கள் என்று ஒருத்தியிடமும் நான் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் குழு வந்தது. ஜீப்பில் மூன்று பேர், கூடவே தவசிக்கனி. தெருவே வாசலில் நின்றது, விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. கூடத்தில் மீராள் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்திருந்தாள், அவள் பெயர் ஒன்றில், அவர் பெயர் ஒன்றில், நடுவில் ஒரு விரல் இடைவெளி. குழுத் தலைவர் குனிந்து தொட்டார். அவருடைய முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, என்ன குளிர்ச்சி! வெளிய இந்த வெயில் அடிக்குது, இது பாருங்க, ஆத்துக்குள்ள கை வச்சா மாதிரி இருக்கு."

மற்ற இருவரும் தொட்டார்கள், அவர்களும் பாராட்டினார்கள். தவசிக்கனி கடைசியாகத் தொட்டார். தொட்டவர் நிமிர்ந்து மீராளைப் பார்த்தார், பிறகு வாசலில் நிற்கும் எங்களைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த விண்ணப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மா, வேணும்னா இதை இன்னொரு நாளைக்குத் தள்ளி வச்சிரலாம்" என்றார்.

"எழுதுங்க சார்" என்றாள் மீராள். "தறி வந்துட்டுன்னு யாராவது அவியகிட்டச் சொல்லுவாவள்லா. எழுதுங்க."

அவர் எழுதினார். புதுமை: உண்டு. மரபுத் தரம்: குறைவில்லை, நல்ல குளிர்ச்சி. மூன்றாவது கட்டத்தில் மைதீன் பிச்சை என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, இரு பாகங்களும் பயனாளி வசம் என்று எழுத வேண்டியிருந்தது. அந்த அடித்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பத்திரிகைக்குப் படம் எடுக்க வேண்டும், நடுவில் மூட்டிவிட்டால் முழுப்பாயாகப் பார்க்க அழகாக இருக்குமே என்று தலைவர் சொன்னார். மூட்ட மாட்டேன் என்று மீராள் சொன்னாள். அவள் குரலைக் கேட்டு அவர் பிறகு வற்புறுத்தவில்லை.

தறி நான்கும் வந்தன. ஆற்றங்கரையில் கூடம் எழுந்தது, சாயப்பட்டறையும் எழுந்தது. பதினாறு பெண்கள் அங்கே இன்றைக்கு வேலை பார்க்கிறார்கள், பாதிப்பாய்கள் மலேசியா வரை போகின்றன. பட்டறையில் எல்லா நிறமும் காய்ச்சுகிறார்கள், சிவப்பு மட்டும் அந்தச் சிவப்பாக வருவதில்லை. முதல் தறியில் மீராள் நெய்த முதல் ஜோடி ரத்னாகருக்கு. மறுபாதியை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதினோம். ஒடிசாவில் ஒரு கிராமத்து விலாசம் வந்தது, அவருடைய மகள், ஆறு வயது. பின்னால் அவர் எழுதினார், சூடு இப்போது சின்னதாக, ஒரு மூலையில் சுருண்டு வருகிறதாம், நன்றாகத் தூங்குகிறாராம். தவசிக்கனியும் ஒரு பாதியை ஊட்டிக்குக் கொண்டுபோனார்.

எங்கள் தெருவில் ரீசார்ஜ் தொழில் மறுபடியும் எழுந்துவிட்டது. அன்று குழுவின் ஜீப் தெருவைத் தாண்டினதுதான் தாமதம், பெண்கள் என் கடைக்கு ஓடிவந்தார்கள். ஹஜ்ரத்தும் வந்தார். அன்றிலிருந்து பாய்க்காரத் தெருவில் கடல் தாண்டிப் பேசுகிற எந்தப் பேச்சும் ஸலாம் சொன்ன கையோடு ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறது. நலமா என்று கேட்பதில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. "படுத்திருக்கது நீங்கதானா?" என்று கேட்கிறார்கள். நான்தான் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தபிறகுதான் மற்ற பேச்சு. கல்யாணமாகிப் புதிதாக வந்த மருமகள்களுக்கு இது எதனால் வந்த வழக்கம் என்றுகூடத் தெரியாது, அவர்களும் கேட்கிறார்கள்.

மீராளும் நானும் அவரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். மாதம் ஒரு மனு எழுதுகிறேன், அதற்கு நான் கூலி வாங்குவதில்லை. தம்மாமிலிருந்து வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவள் அவர்களிடம், சிவப்பு நல்லாக் காய்ச்சுவாவ, அப்படி ஒரு ஆளப் பாத்தியளா என்று கேட்கிறாள். பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு. ஒருவர் ரியாதில் என்றார், ஒருவர் மஸ்கட்டில் என்றார்.

போன மாதம் மனு ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க மதிய நேரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் இரண்டு பாதிகளும் விரல் இடைவெளி விட்டு விரித்திருந்தன. அவர் தம்மாமுக்குக் கொண்டுபோன பாதியில், தன் பெயரின் மேல், மீராள் இடது காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கையை நீட்டி, இங்கேயே இருந்த பாதியில், அவர் பெயரின் மேல் வைத்திருந்தாள். ஜீனத் வாசற்படியில் உட்கார்ந்து கோரை கீறிக்கொண்டிருந்தவள், உஷ் என்று எனக்குச் சைகை காட்டினாள்.

அந்தக் காலிப் பாதி சூடாகியிருக்க வேண்டும். மீராளின் விரல்கள் அதன் மேல் தோளைத் தேடி, இடுப்பைத் தேடி, மடக்கிய முழங்கால்வரை மெதுவாகப் போய்த் திரும்பி வந்தன. கண்ணை அவள் திறக்கவில்லை.

"இப்படித்தான் இருந்துச்சா மச்சான்" என்றாள். "இவ்வளவு சூடாவா இருந்தேன் ஒங்களுக்கு?"

பிறகு, தெருவில் எல்லோரும் போனில் கேட்கிற அந்தக் கேள்வியை, போன் இல்லாமல், அந்தப் பாயிடம் கேட்டாள்.

"படுத்திருக்கது நீங்கதானா?"

அவளே பதில் சொன்னாள்.

"இல்ல. நான்தான்."